பானையில் இல்லாத பேர்

ஈச்சமுனையில் திருவுளச்சீட்டு வெறும் தாளாக வர ஆரம்பித்தது பாஸ்கு என்கிற ஈஸ்டர்த் திருநாள் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து, வெயில் கோவில் படிகளில் மெதுவாக ஏறிக்கொண்டிருந்த நேரம். நாற்பது நாள் தவக்காலத்துக்குப் பிறகு ஊரே ஒரு வாரமாக ஆட்டுக்கறி தின்ற அசதியில் கிடந்ததால், முதலில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த ஊரில் மனுசன் வாயால் முடிக்காத காரியத்தையெல்லாம் சீட்டுத்தான் முடித்து வைக்கும். எந்தக் கரைமடிக் கூட்டம் எந்தப் பக்கத்து மணலில் நின்று வலை இழுக்கலாம், மாதா சுரூபம் இந்த மாதம் யார் வீட்டுக்குப் போகிறாள், பெரிய வெள்ளிக்கிழமை ஆண்டவரின் சவப்பெட்டியான தூம்பாவை முன்னால் சுமக்கிற தோள் யாருடையது, எல்லாம் சீட்டு. ஒரு மண்பானை, அதன் வாயில் பீடத்துத் துணி, கூடியிருக்கிறவர்கள் ஒரு பரமண்டல மந்திரம் சொல்லி முடிக்கிற வரைக்கும் குலுக்கல், பிறகு ஒரு கை உள்ளே போகும். கையில் வருகிற பேர் ஆண்டவர் வாயிலிருந்து வந்த பேர். அதற்குப் பிறகு பேச்சு இல்லை, சண்டை இல்லை, ஒருவர் முகத்தை ஒருவர் முறைக்கிறதும் இல்லை. வேண்டுமென்றால் மாதாவின் குகைக்கோவிலான கெபியில் போய் அழுதுகொள்ளலாம்.

யாரும் விரும்பாத சீட்டு ஒன்றும் உண்டு. வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு படகு கரை திரும்பாவிட்டால், சர்க்கார் படகு கடல் தணிந்த பிறகுதான் வரும் என்பதால், ஊரிலிருந்து ஒரு வள்ளம் தேடிப் போகும். துடுப்புத் தண்டு வலிக்க ஆள் கிடைத்துவிடும். ஆனால் வள்ளத்தின் மூக்கான அணியத்தில் நிற்கிறவன்தான் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கடலுக்குள் கிடக்கிற ஆனைப்பார் என்ற கல்திட்டில் குதித்து ஏற வேண்டும். அந்தப் பாரில் மாட்டித்தான் படகுகள் உடையும். ஏறினவன் எல்லாரும் திரும்பினதில்லை. அதனால் அணியத்து ஆளைச் சீட்டுத்தான் சொல்லும்.

கித்தேரியின் மூத்த மகன் கஸ்பாரை அப்படித்தான் சீட்டு சொன்னது. பல வருசத்துக்கு முந்திய கதை. வள்ளம் திரும்பி வந்தது, கயிறு திரும்பி வந்தது, கஸ்பார் வரவில்லை.

அந்த ஊர் வழக்கப்படி, ஒரு வீட்டிலிருந்து சீட்டு ஆளைக் கொண்டுபோய்விட்டால் பிறகு அந்த வீட்டுப் பேர் அணியத்துப் பானையில் விழாது. அது மட்டுமல்ல, அன்றைக்கிலிருந்து பானைக்குள் போகிற கை அந்த வீட்டுக் கைதான். பிள்ளையையே கொடுத்துவிட்டவள் இனி யாருக்காகக் கள்ளம் பண்ணப்போகிறாள் என்பது ஊரின் நினைப்பு. அப்படி, இருந்த ஒரே பிள்ளையைக் கொடுத்துவிட்டுத் தனியாகக் கிடந்த பழைய சீமோன் தாத்தாவுக்குப் பிறகு கித்தேரியின் கை சீட்டெடுக்கிற கையானது. கருவாடு புரட்டிப் புரட்டி உப்பேறிப்போன அந்தக் கையைப் பார்த்தாலே ஊர் எழுந்து நிற்கும்.

ஊரில் சீட்டில்லாமலே பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த வேறு பொம்பளைகளும் இருந்தார்கள். ஒரே காற்று, ஒரே அலை, பக்கத்துப் பக்கத்துப் படகு. ஒன்று முங்கும், மற்றது சிரித்துக்கொண்டே கரை வந்து சேரும். ஏன் இது, ஏன் அது இல்லை என்று கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடித்தவள் ஒருத்தி இன்னும் கடற்கரையில் சுள்ளி பொறுக்கிக்கொண்டு திரிந்தாள். அவர்கள் எல்லாருக்கும் கித்தேரியின்மேல் ஒரு பொறாமை. ஏனென்றால் கித்தேரி மாரடித்து அழவில்லை. "எம்பிள்ளைய கடல் எடுக்கல. ஆண்டவரு பேரு சொல்லிக் கேட்டாரு, குடுத்தேன்" என்றாள். அந்த ஒரு சொல்லைத்தான் அவள் இத்தனை வருசமாகக் காலையில் கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டாள், ராத்திரி தலைக்கு வைத்துப் படுத்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கரைமடிச் சீட்டு. கித்தேரி கையை விட்டு ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். ஒன்றுமே எழுதியில்லை.

"யக்கா, கறி தின்ன கையோட வந்துட்டீயளோ. எழுத்தையும் சேத்துத் தின்னுட்டுது" என்றார் ஊர்க் கமிட்டித் தலைவர் தஸ்நேவிஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். கித்தேரியும் சிரித்தாள். இரண்டாவது சீட்டும் வெறுமை, மூன்றாவதும் வெறுமை. பானையைக் கவிழ்த்தார்கள். உபதேசியார் எஸ்தாக்கியின் சாய்ந்த கையெழுத்தில் எல்லார் பேரும் தரையில் சிதறிக் கிடந்தன, ஒரு பேர் குறையவில்லை. திரும்ப அள்ளிப் போட்டுக் கை விட்டால் வெறும் தாள். தஸ்நேவிஸ் தன் கையை விட்டுப் பார்த்தார், பங்குச் சாமியார் அபிஷேகம் வாங்கின தன் கையை விட்டுப் பார்த்தார், ஞானஸ்நானம்கூட வாங்காத ஒரு கைப்பிள்ளையின் கையை அதன் தாய் பிடித்து விட்டாள். பிள்ளை சீட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டது. பிடுங்கிப் பிரித்தால் அதுவும் வெறுமைதான், எச்சிலோடு.

அன்றைக்குப் பிறகு ஈச்சமுனையில் எதுவும் இப்படியா அப்படியா என்று விழுகிற பழக்கத்தை விட்டுவிட்டது. ஏலக்கூடத்துச் சிமெண்டுத் தரையில் காசைச் சுண்டினால் அது பூவும் விழாமல் தலையும் விழாமல் விளிம்பில் நின்றது. பொம்பளைகள் உருட்டின தாயக்கட்டை முனையில் குத்தி நின்றது. பிள்ளைகள் விளையாட்டுக்கு ஆள் பிரிக்கக் கையை நீட்டினால் எல்லாக் கையும் ஒரே மாதிரி விரிந்தன. பொழுது சாயும் வரைக்கும் நீட்டிப் பார்த்துவிட்டு, விளையாடாமலே வீட்டுக்குப் போனார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்துவிட்டு, கடலை வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். ஆயரான மேற்றிராணியார் வீட்டிலிருந்து ஒரு பெரிய சாமியார் வந்து காசைச் சுண்டினார், அது நின்றது, திரும்பவும் சுண்டினார், திரும்பவும் நின்றது, அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, உபவாசம் இருங்கள் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். கொஞ்ச நாளில் ஊருக்குப் பழகிவிட்டது. நின்ற காசைக் காலால் தட்டிவிட்டு, பேசின பேச்சைத் தொடர்ந்தார்கள்.

ஆண்டவர் கோபமாக இருக்கிறார் என்றார் உபதேசியார். கோபம் இல்லை, சோதிக்கிறார் என்றது மாதா சபை. வலைக்கொட்டகையில் படுத்துக்கிடக்கிற வியாகுலம் மட்டும், "எத்தன ஊருக்குத்தான் எடுப்பாரு. அவருக்கும் கை வலிக்குமில்லா" என்றான்.

இந்த வியாகுலம் ஈச்சமுனையில் பிறந்தவன் இல்லை. சின்னப் பயலாகக் கரையோரமாகவே நடந்து வந்து, கிழிந்த வலை பொத்துகிற இடத்தில் உட்கார்ந்தவன், அங்கேயே நாற்பது வயசைத் தாண்டிவிட்டான். அண்ணன் தம்பி கிடையாது, மாமன் மச்சான் கிடையாது, பெண் கொடுக்கவும் யாரும் இல்லை. ஆனால் சீட்டில் அவனுக்கும் ஒரு தாள் இருந்தது. கெஞ்சி வாங்கின தாள். "வெளிய நான் கொட்டகையில கெடக்கேன், தஸ்நேவிஸ் மாமா மாடியில கெடக்காரு. பானைக்குள்ள ரெண்டு பேரும் ஒரே சைசுல மடிஞ்சு கெடக்கோம்" என்று சொல்லிச் சொல்லிச் சந்தோசப்படுவான். சீட்டு நின்றுபோனதில் ஊரிலேயே மெய்யாக வருத்தப்பட்டவன் அவனாகத்தான் இருக்கும், கித்தேரியைத் தவிர.

கித்தேரி ஒரு காலையில் சாமியார் பங்களா வராந்தாவில் போய் நின்றாள். சாமியார் சின்ன வயசு, நல்ல படிப்பு. டீயை ஆற்றிக்கொண்டிருந்தவர் எழுந்து நாற்காலி போட்டார். அவள் தூணோரமாகக் கீழேயே உட்கார்ந்தாள்.

"சாமி, ஆண்டவருக்கு எல்லாம் தெரியுமில்லா?"

"தெரியும் கித்தேரியம்மா. நம்ம தலையில எத்தன மயிர் இருக்குன்னுகூடத் தெரியும்."

"அப்ப அன்னைக்கு எங்கஸ்பாரு பேரு வந்துச்சே. அத எடுத்துக் குடுத்தது அவருதான?"

சாமியார் பொய் சொல்லத் தெரியாதவர். "வரும்னு அவருக்குத் தெரியும்மா. தெரியிறது வேற, செய்யிறது வேற. காத்து அடிக்கு, அல பொரளுது, தானா நடக்கிற மாதிரி நெறைய விட்டிருக்காரு. சீட்டையும் அப்பிடி விட்டிருக்கலாம்."

"தெரிஞ்சுக்கிட்டே விட்டிருக்காரு."

"ஆமா."

"ஒருத்தன் தண்ணியில தத்தளிக்கும்போது கரையில நிக்கிறவனையும் நாங்க அப்பிடித்தான் சாமி சொல்லுவோம். தெரிஞ்சுக்கிட்டே நின்னான்னு."

"எனக்குத் தெரியலம்மா" என்றார் சாமியார். அவர் ஒரு அதட்டு அதட்டியிருந்தால்கூட கித்தேரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எழுந்து, முந்தானையைத் தட்டிவிட்டுக்கொண்டு, வெயிலில் இறங்கி நடந்தாள். நடக்க நடக்க, அவளுக்குப் பக்கத்தில் எப்போதும் நடந்து வருகிற யாரோ அன்றைக்கு வரவில்லை என்பது போல இருந்தது.

சீட்டு இல்லாத ஊர் மெல்ல மெல்லத் தன் முகத்தைத் தானே பார்க்க ஆரம்பித்தது. மீன் ஒதுங்குகிற வடக்குக் கரை தஸ்நேவிஸ் சொந்தக்காரர்களுக்கே என்று தானாக ஆகிப்போனது. யாரும் பறிக்கவில்லை, கேட்கிற வாய் அவர்களிடம் அதிகம், அவ்வளவுதான். மாதா சுரூபம் கார் நிற்கிற வீடுகளாகப் பார்த்துப் போனாள். முன்பு ஒருவனுக்குப் மீன்பாடு கிடைக்காவிட்டால் அவன் வானத்தைப் பார்ப்பான். இப்போது பக்கத்து வீட்டைப் பார்த்தான். தண்ணிக்குழாயடியில், முன்னால் ஒன்றாகக் கொண்டை போட்டுக்கொண்ட பொம்பளைகள் குடத்தை இடித்துக்கொண்டார்கள்.

இப்படியே ஐப்பசி வந்தது, வாடை வந்தது.

ஒரு காலைப்பொழுது விடிந்தும் விடியாதது மாதிரி மூடிக்கொண்டு கிடந்தபோது, கயித்தானின் படகு திரும்பவில்லை என்று தெரிந்தது. அதில் அவனும் இன்னும் இரண்டு பேரும். கயித்தானின் பெண்டாட்டி அமலோற்பவம், கித்தேரிக்கு அடுத்த வீட்டுக்காரி. கஸ்பார் போன அன்றைக்குக் கித்தேரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வாய் பச்சைத்தண்ணி இறங்குகிற வரைக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்தவள். அவள் இப்போது மழையில் நனைந்துகொண்டு, யார் பிடித்தும் நிற்காமல், கரையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

வள்ளத்தைக் கடலுக்கு முகம் வைத்துத் திருப்பியாயிற்று. தண்டு வலிக்கிறவர்கள் ஏறி உட்கார்ந்தாயிற்று. அணியம் காலியாக இருந்தது.

சீட்டு வராது என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் கோவில் மண்டபத்திலிருந்து பானையைத் தூக்கி மணலுக்கே கொண்டுவந்தார்கள். பரமண்டல மந்திரம் காற்றில் பிய்ந்து பிய்ந்து போனது. கித்தேரி கையை விட்டாள். வெறும் தாள். இன்னொரு தடவை. வெறும் தாள். கடல் அந்தப் பக்கம் வெள்ளையாகப் புரண்டுகொண்டிருந்தது.

அப்போது அமலோற்பவம் நடையை நிறுத்தினாள். பானைக்கு முன்னால் வந்து நின்றாள். அவள் சத்தம் போடவில்லை, தனக்குத்தானே கணக்குப் பார்க்கிறவள் மாதிரி மெதுவாகச் சொன்னாள்.

"ஆண்டவரு கேக்குத பேரு பானையில இருந்தாத்தான வரும்."

யாருக்கும் விளங்கவில்லை. "என்னத்தா சொல்லுத" என்றார் தஸ்நேவிஸ்.

"இத்தன நாளா அவரு பேரு சொல்லாம இல்ல மாமா. அவரு சொல்லுத பேர நாமதான் பானையில போடல. போடாத பேரு எப்பிடி வரும்? அதான் வெறுந்தாளா வருது." அவள் கித்தேரி பக்கம் திரும்பினாள். "மயினி, நான் ஒங்க காலுல விழுதேன். பானையில இல்லாத பேரு ஊருல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

அந்தப் பேச்சு அவ்வளவு சரியாகப் பொருந்தியது. பாஸ்கு தொட்டு இன்றைக்கு வரைக்கும் யாருக்கும் விளங்காதது, சாமியாருக்கும் பெரிய சாமியாருக்கும் விளங்காதது, ஒரே சொல்லில் விளங்கிவிட்டது. எல்லாத் தலையும் திரும்பிக் கித்தேரியின் இளைய மகன் பெர்க்மான்சைப் பார்த்தன. அவன் முட்டளவு தண்ணீரில் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுக்கு மணப்பாட்டுப் பக்கம் பெண் பேசி, தை மாதம் கோவிலில் கலியாண ஓலை வாசிக்கலாம் என்றிருந்தார்கள்.

சாமியார், "இது சரியில்ல, இப்படியெல்லாம்..." என்று ஆரம்பித்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

பெர்க்மான்ஸ் தண்ணீரை விட்டு ஏறி வந்தான். அம்மாவின் பக்கத்தில் நின்றான். "எழுதுங்க உபதேசியாரே" என்றான்.

உபதேசியார் சட்டைக்குள் நனையாமல் வைத்திருந்த தாளில் கிழித்து எழுதி, மடித்து, பானைக்குள் போட்டார். குலுக்கினார்கள். அமலோற்பவம் மணலில் முகம் புதைத்துக்கொண்டாள். மற்றவர்கள் கித்தேரியைப் பார்த்தார்கள்.

அவள் கையை உள்ளே விட்டபோது அவளுக்கு என்ன நடந்தது என்பதை அவள் பிறகு யாரிடமும், சாமியாரிடம் பண்ணுகிற பாவசங்கீர்த்தனத்தில்கூட, சொல்லவில்லை. பெர்க்மான்ஸ் பேர் வராமல் இருக்கட்டும் என்றுதான் அவள் வேண்டியிருக்க வேண்டும். எந்தத் தாயும் வேண்டுவாள். ஆனால் விரல் தாள்களைத் தொட்டதும் அவள் நெஞ்சுக்குள் வேறொன்று எழுந்தது. வரட்டும் என்றது அது. பேர் வந்தால் ஆண்டவர் இருக்கிறார், பார்க்கிறார், பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். பேர் வந்தால் கஸ்பாரையும் அவர்தான் கூப்பிட்டார். வராவிட்டால் அன்றைக்கு அந்தப் பிள்ளையை யாருமே கூப்பிடவில்லை. ஒரு தாள் இன்னொரு தாளுக்கு மேலே கிடந்தது, அவ்வளவுதான். இருக்கிற பிள்ளையைக் கொடுத்தாவது போன பிள்ளையைக் காப்பாற்றப் பார்த்தாள் அவள், அந்த ஒரு மூச்சு நேரம். அப்படி நினைத்தது தான்தான் என்று தெரிந்ததும் விரலில் பட்ட சீட்டைப் பற்றிக்கொண்டாள். வெளியே எடுத்துப் பிரித்தாள்.

வெறும் தாள்.

முன்னும் பின்னும் திருப்பினாள். பிறகு எல்லாரும் பார்க்கிற மாதிரித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். மழைத்துளி விழுந்து அது அவள் விரலில் ஒட்டிக்கொண்டது. "ஒண்ணுமில்ல" என்றாள்.

அமலோற்பவம் மணலைவிட்டு முகம் எடுக்கவில்லை. பிறகு, யாரும் சொல்லாமலே, கண் காட்டாமலே, தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் போகிற மாதிரி எல்லார் பார்வையும் மெல்ல மெல்ல வலைக்கொட்டகைப் பக்கம் போனது. அங்கே வியாகுலம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். அவனுக்காக அழுவதற்கு ஒரு வீடு கிடையாது. அவனைப் பார்த்தது தப்பு என்று சொல்ல ஒரு மச்சான் கிடையாது. சாமியார்கூட அந்தப் பக்கம் பார்த்துவிட்டு, சட்டென்று தரையைப் பார்த்தார்.

வியாகுலம் எழுந்தான். பீடியை மணலில் அணைத்தான். கைலியை இறுக்கித் தார்பாய்ச்சிக் கட்டினான். கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டம் விட்ட வழியில் நடந்து வந்தவன், கித்தேரிக்கு முன்னால் வந்ததும் நின்றான். மற்றவர்களுக்குக் கேட்காதபடி தலையைக் குனிந்துகொண்டான்.

"எம்பேருன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே மாமி."

கித்தேரி அவனைப் பார்த்தாள்.

"எப்பிடியும் நாந்தான போகணும். அவரு கூப்பிட்டாருன்னு போறதுக்கும், இவுக பாத்தாவன்னு போறதுக்கும்..." மிச்சத்தை அவன் சொல்லவில்லை. லேசாகச் சிரித்தான். "தெம்பாப் போயிருப்பேன்."

அவள் வாய் திறந்தது. அப்போதுகூடச் சொல்லியிருக்கலாம். கையிலிருந்த தாளை மறுபடி பார்த்து, கண் தெரியவில்லையடா, உன் பேர்தான் என்று சொல்லியிருக்கலாம். அவள் எத்தனையோ பேருக்கு மீனில் எடை கூட்டிப் பொய் சொன்னவள்தான். இந்தப் பொய் வரவில்லை. அதற்குள் அவன் கடந்துபோய் அணியத்தில் ஏறிவிட்டான். வள்ளம் முதல் அலையில் செங்குத்தாக எழுந்து விழுந்தது.

மத்தியானத்துக்குப் பிறகு வள்ளம் திரும்பியது. கயித்தான் இருந்தான், அவன் ஆட்கள் இரண்டு பேரும் இருந்தார்கள், உதடு நீலம் பாரித்து, ஆனால் உயிரோடு. ஆனைப்பாரில் கவிழ்ந்து கிடந்த படகைப் பிடித்துக்கொண்டு தொங்கியவர்களை ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி அனுப்பிவிட்டு, கடைசியாக வியாகுலம் கயிற்றைத் தன் இடுப்புக்கு மாற்றினபோது ஒரு அலை வந்தது என்றார்கள் தண்டு வலித்தவர்கள். இழுத்தபோது கயிறு லேசாக வந்தது என்றார்கள். அமலோற்பவம் புருசனைக் கட்டிக்கொண்டு அழுதாள், சிரித்தாள். வியாகுலத்துக்காக யாரைக் கட்டிக்கொண்டு அழுவது என்று தெரியாமல் ஊர் நின்றது.

அவனுக்குத் துக்கப்பூசை வைக்க வேண்டும். முன்வரிசையில் உட்கார ஆள் இல்லை, பீடத்தில் வைக்க ஒரு போட்டோகூட இல்லை. அதைவிட, ஊரில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. கஸ்பார் போனபோது இப்படி இல்லை. அழுதார்கள், அடக்கம் பண்ண உடம்பு இல்லையே என்று ஏங்கினார்கள், ஆனால் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். இப்போது ஒருவரை ஒருவர் பார்த்தால் பேச்சை வேறு பக்கம் திருப்பினார்கள்.

பூசைக்கு முந்தின நாள், தஸ்நேவிசும் உபதேசியாரும் இன்னும் சில பெரியவர்களும் கித்தேரி வீட்டு வாசலுக்கு வந்தார்கள். அவள் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, மழையில ஒனக்கு எழுத்து தெரிஞ்சிருக்காது" என்றார் உபதேசியார்.

"தெரிஞ்சுது. எழுத்து இல்லன்னு தெரிஞ்சுது."

"யக்கா, ஊரு ஒறங்கி எத்தன நாளாச்சு. வியாகுலம் பேருதான் இருந்துச்சு, நான்தான் சரியாப் பாக்கலன்னு நாளைக்கிக் கோவில்ல ஒரு வார்த்த சொல்லிருங்க. அந்தப் பயலுக்கும் அது மரியாததான" என்றார் தஸ்நேவிஸ். அவர் குரலில் கள்ளம் இல்லை. மெய்யாகவே தூங்காத கண்.

கித்தேரி கையிலிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"அத அவன் கேட்டான். கடலுக்குப் போறதுக்கு முந்தி எங்கிட்ட நின்னு கேட்டான். அவனுக்கே நான் சொல்லல. ஒங்களுக்கு எப்பிடிச் சொல்லுவேன்?"

அவர்கள் போய்விட்டார்கள். மறுநாள் துக்கப்பூசையில், சாமியார் பிரசங்கம் முடித்து உட்கார்ந்த பிறகு, உபதேசியார் எழுந்து அதைத் தாமே சொன்னார். அன்றைக்கு எடுத்த சீட்டில் வியாகுலத்தின் பேர் இருந்தது என்றும், கித்தேரியம்மாளின் வயசான கண்ணுக்கும் மழைக்கும் நடுவில் அது தப்பிவிட்டது என்றும், ஆண்டவர் அறிந்தே அழைத்தார் என்றும் சொன்னார். கோவிலில் ஒரு பெருமூச்சு எழுந்தது, பெரிய மடியை இழுத்துக் கரையில் போட்ட பிறகு எழுகிற மூச்சு மாதிரி. அன்றைக்கு எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

முதலில் எல்லாரும் அதை உபதேசியார் சொன்னார் என்று சொன்னார்கள். பிறகு, இருந்திருக்கும் என்றார்கள். கிறிஸ்மசுக்கு ஊர் ஆயத்தமாகிற திருவருகைக் காலம் வருகிறதற்குள் முன்னால் நின்றவர்கள் தாங்கள் பார்த்ததாகச் சொன்னார்கள், அதைக் கேட்டுப் பின்னால் நின்றவர்களும் பார்த்தார்கள். வள்ளத்தில் முதுகு திருப்பி உட்கார்ந்திருந்த தண்டுக்காரர்கள் பார்த்தார்கள். மணலில் முகம் புதைத்துக் கிடந்த அமலோற்பவம்கூட, "மயினி கையத் தூக்கினப்ப நான் நல்லாப் பாத்தேன்" என்று குழாயடியில் சொன்னாள், அழுதுகொண்டே சொன்னாள், அதில் ஒரு சொல்கூட அவளுக்குப் பொய் இல்லை.

கிறிஸ்மசுக்கு முந்தின ஞாயிறு, மாதா சுரூபம் யார் வீட்டுக்கு என்று சும்மா பேருக்குப் பானையை வைத்தார்கள். கித்தேரி கையை விட்டாள். வந்த சீட்டில் பேர் இருந்தது. குழாயடித் தெருவில் கடைசி வீட்டு ஞானப்பிரகாசியின் பேர். கித்தேரி வாசித்தாள். மண்டபமே விம்மி அழுதது. ஏலக்கூடத்தில் எவனோ காசைச் சுண்டினான், அது பூ விழுந்தது. ஆண்டவர் திரும்ப வந்துவிட்டார் என்று மணியடித்தார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் பெர்க்மான்ஸ் வலையை உதறிக்கொண்டே, "இப்பவாவது மனசு ஆறுச்சாம்மா" என்றான்.

"எதுக்கு?"

"வியாகுலம் விசயந்தான். அன்னைக்கும் பேரு வந்துச்சுல்லா. நீதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்ட."

கித்தேரி அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீ எம்பக்கத்துலதானடா நின்ன."

"அதான் சொல்லுதேன். நான் பாத்தேன்."

"என்ன பாத்த?"

"அவம் பேர. நீல மையி. மழத்தண்ணி பட்டு முதல் எழுத்து லேசா ஊறியிருந்துச்சு" என்றான் அவன். அவன் கண்ணில் ஒரு கலங்கல் இல்லை. சின்ன வயசில், மீன் முள் தொண்டையில் குத்தின கதையைச் சொல்கிறபோது இருக்குமே, அதே தெளிவு.

அவனுக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். ஆனால் நீல மை என்று அவன் சொன்னதிலிருந்து அவளுக்குள் ஒன்று புரளத் தொடங்கிவிட்டது. கஸ்பார் சீட்டும் நீல மைதான். இத்தனை வருசமாக, கண்ணை மூடினால் அந்தத் தாளை அவள் பார்ப்பாள்: நீல மை, கஸ்பார் என்ற பேர், கடைசி எழுத்தில் ஒரு சின்ன இழுப்பு. அவள் பார்த்த தாள் அது. எங்கே நின்று பார்த்தாள் என்று அவள் முதல் தடவையாகத் தன்னைக் கேட்டுக்கொண்டாள். அன்றைக்குச் சீட்டெடுத்தவர் சீமோன் தாத்தா. பொம்பளைகள் எல்லாரும் பின்னால், மண்டபத்தின் தெற்குத் தூணுக்கு அப்பால். அவளும் அங்கேதான்.

மறுநாள் பகலில், கோவில் ஆளில்லாமல் கிடந்தபோது, கித்தேரி மண்டபத்துக்குப் போனாள். பானை வைக்கிற இடத்தில் பானை இருந்தது. அவள் தெற்குத் தூணுக்குப் பின்னால் போய், அன்றைக்கு நின்ற இடத்தில் கால் வைத்து நின்றாள். எட்டிப் பார்த்தாள், நுனிக்காலில் நின்றும் பார்த்தாள்.

அங்கேயிருந்து பானை தெரியவில்லை.